பெருமிதம் மீண்ட கதை: பிலிப்பைன்ஸ் கூடைப்பந்துக் குழுவின் வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர் பெயர்களையும் போர் ஆண்டுகளையும் கொண்டு மட்டுமே எழுதி முடித்துவிட இயலாது. ஒரு மக்கள் எதற்காக ஓரிடத்தில் கூடினர், எதை நினைத்துக் கலங்கினர், எந்த வெற்றியைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தனர் என்பனவும் வரலாற்றின் பாற்பட்டவையே. அரசியல் ஏடுகளில் காணக் கிடைக்காத மக்கள் மனத்தை விளையாட்டின் வரலாறு நமக்குக் காட்டும்.

நம் அண்டை நாடாகிய பிலிப்பைன்ஸ் இதற்குத் தக்க சான்றாகும். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் கூடைப்பந்து இறுதியாட்டத்தில், அந்நாட்டுக் குழு ஜோர்தானை 70-60 என்ற புள்ளிக் கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அதற்கு முன் அப்பதக்கத்தை அது பெற்றது 1962ஆம் ஆண்டு ஜக்கார்த்தாவில். இடையே கழிந்தவை 61 ஆண்டுகள். ஜக்கார்த்தா வெற்றியைக் கேட்டுத் துள்ளிய பள்ளிச் சிறுவர்கள், ஹாங்சோ வெற்றியைப் பேரப்பிள்ளைகளுடன் அமர்ந்து கண்டனர்.

ஆட்ட நுணுக்கங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாள்தோறும் ஆட்டம் பார்க்காவிட்டாலும், தன் நாடு ஆடுகின்றது என்றால் ஒரு கணம் நின்று பார்க்கும் எளிய சுவைஞன் ஒருவன் எல்லா நாட்டிலும் உண்டு. அவனுடைய பெருமிதம் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு குன்றியது, எவ்வாறு மீண்டது என்பதைக் காண்பதே நம் நோக்கம். மீண்ட அப்பெருமிதம் உண்மையானதுதானா என்ற கேள்வியையும் நாம் தவிர்க்கலாகாது.

கூடை வந்த வழி

1891ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணவர்களுக்காக உடற்பயிற்சிக் கூடத்தில் பழக்கூடைகளை மாட்டி, 13 விதிகளை வகுத்து, ஒரு புதிய ஆட்டத்தைத் தோற்றுவித்தார். கூடைப்பந்து ஓர் ஆசிரியரின் படைப்பு என்பதை ஆசிரியர்களாகிய நாம் மகிழ்ச்சியோடு நினைவிற் கொள்ளலாம்.

அதன்பின் ஏழே ஆண்டுகளில், 1898இல், பிலிப்பைன்ஸ் ஸ்பெயினின் பிடியிலிருந்து அமெரிக்காவின் பிடிக்கு மாறியது. புதிய ஆட்சியாளர்கள் ஆங்கிலப் பள்ளிகளைக் கொண்டுவந்தனர். பள்ளிகளோடு விளையாட்டுகளும் வந்தன. 1910ஆம் ஆண்டளவில் மணிலாவிலிருந்த கிறித்துவ இளைஞர் சங்கத்தின் வாயிலாகக் கூடைப்பந்து அங்கே வேரூன்றியது. தொடக்கத்தில் அதனைப் பள்ளி மாணவியர்க்கு உரிய ஆட்டமாகவே கற்பித்தனர் என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கும் செய்தி. மிக விரைவிலேயே ஆடவரும் அதனைப் பற்றிக்கொண்டனர்.

மணிலா இளைஞர் சங்கத்தின் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த எல்வுட் பிரவுன் என்பவரின் முயற்சியால் 1913இல் தூரக்கிழக்கு விளையாட்டுப் போட்டிகள் மணிலாவில் தொடங்கின. பிலிப்பைன்சும் சீனாவும் சப்பானும் மோதிய அப்போட்டிகள் 1934 வரை பத்து முறை நடைபெற்றன. அவற்றுள் 1921ஆம் ஆண்டு நீங்கலாக ஏனைய ஆண்டுகளிலெல்லாம் கூடைப்பந்து வாகையைச் சூடியது பிலிப்பைன்ஸ்.

இந்த ஆட்டம் அங்கே மக்கள் ஆட்டமாகப் பரவியதற்குக் காரணம் எளிதிற் புலப்படும். காற்பந்துக்குப் பரந்த திடல் வேண்டும். கூடைப்பந்துக்கோ ஒரு தூணும் ஒரு வளையமும் போதும். தென்னை மரத்தில் பலகை ஒன்றை அறைந்து, வளைத்த இரும்புக் கம்பியை அதில் மாட்டிவிட்டால் ஆடுகளம் அமைந்துவிடும். மாதாகோவில் முற்றத்திலும், குடிசைகளுக்கு இடைப்பட்ட சந்திலும், மீன் உலர்த்தும் கடற்கரையிலும் இத்தகைய வளையங்களை இன்றும் காணலாம். வெறுங்காலோடும் ரப்பர்ச் செருப்போடும் ஆடும் சிறுவர்களே அந்த ஆட்டத்தின் உண்மையான சொத்து.

பெர்லினிலிருந்து ரியோ வரை

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில்தான் கூடைப்பந்து முதன்முதலாகப் பதக்கத்திற்குரிய ஆட்டமாகச் சேர்க்கப்பட்டது. அதனைத் தோற்றுவித்த நைஸ்மித்தும் அங்கே வந்திருந்தார். அம்புரோசியோ பாடிய்யா தலைமையில் சென்ற பிலிப்பைன்ஸ் குழு ஐந்து ஆட்டங்களில் நான்கில் வென்றது. தோற்றது ஒன்றில் மட்டுமே. அந்த ஓர் ஆட்டமும் அமெரிக்காவுக்கு எதிராகக் காலிறுதியில் நிகழ்ந்தது; புள்ளிகள் 56-23.

இங்கே நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். 1936இல் பிலிப்பைன்ஸ் முழு விடுதலை பெற்ற நாடன்று. அது அமெரிக்காவின் மேலாண்மையில் இருந்தது. முழு உரிமை கிட்டியது 1946இல்தான். ஆளப்பட்டவர்கள் தம்மை ஆண்டவர்களை, அவர்களே கற்றுக்கொடுத்த ஆட்டத்தில், உலகத்தார் முன்னிலையில் எதிர்த்து நின்றார்கள். தோற்றார்கள், ஆயினும் தனிக் கொடியின் கீழ், தனிப் பெயரோடு நின்று தோற்றார்கள். பின்னர் இத்தாலியையும் உருகுவேயையும் வென்று ஐந்தாம் இடத்தைப் பெற்றார்கள். அப்போட்டியில் வெண்கலம் வென்ற மெக்சிகோவைப் பிலிப்பைன்ஸ் அதற்கு முன்னரே 32-30 எனத் தோற்கடித்திருந்தது. பதக்கத்திற்கு எவ்வளவு அருகில் அவர்கள் நின்றார்கள் என்பதை இது உணர்த்தும். ஒலிம்பிக் கூடைப்பந்தில் ஆசிய ஆடவர் குழு ஒன்று ஐந்தாம் இடத்திற்கு மேல் இன்றுவரை ஏறியதில்லை.

போருக்குப் பிந்திய ஆண்டுகளே பொற்காலம். 1951இல் புதுடில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். 1954இல் மணிலாவிலும், 1958இல் தோக்கியோவிலும், 1962இல் ஜக்கார்த்தாவிலும் மீண்டும் மீண்டும் தங்கம். 1960இல் தொடங்கிய ஆசியக் கூடைப்பந்து வாகையர் போட்டியில் அவ்வாண்டும், 1963இலும், 1967இலும், 1973இலும் முதலிடம்.

இவற்றுக்கெல்லாம் முடிமணி 1954ஆம் ஆண்டு பிரேசிலின் ரியோ டி செனீரோவில் நடந்த உலக வாகையர் போட்டி. அமெரிக்காவுக்கும் பிரேசிலுக்கும் அடுத்து, பிலிப்பைன்ஸ் வெண்கலம் வென்றது. உலகப் போட்டியில் ஆசிய நாடொன்று பதக்கம் பெற்றது அதுவே. அப்போட்டியின் தலைசிறந்த ஐவருள் ஒருவராகக் கார்லோஸ் லொய்சாகா தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏறத்தாழ ஆறடி மூன்றங்குல உயரமுடைய அவர், இன்றைய கணக்கில் ஒரு நடுத்தர ஆட்டக்காரரின் உயரமே உடையவர். தம்மினும் நெடியவர்களின் நடுவே பந்தை வளையத்திற்குள் செலுத்தும் கலையால் அவர் ஒரு தலைமுறையின் வீரராக விளங்கினார். 2016இல் மறைந்த அவருக்கு, 2023இல் அனைத்துலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு தன் புகழ்மண்டபத்தில் இடமளித்தது.

சரிவின் காரணங்கள்

உயர்ந்தது ஏன் தாழ்ந்தது? பிலிப்பைன்ஸ் கடைசியாக ஒலிம்பிக்கில் ஆடியது 1972ஆம் ஆண்டு மூனிக்கில். அதன்பின் நேர்ந்த தேக்கத்திற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, பிற நாடுகளின் வளர்ச்சி. மக்கள் சீனம் 1974இல் தெகரானில் முதன்முறையாக ஆசிய விளையாட்டுப் போட்டியில் கலந்துகொண்டது. 1975இல் பாங்காக்கில் ஆசியக் கூடைப்பந்து வாகையர் பட்டத்தையும் வென்றது. நெடிதுயர்ந்த ஆட்டக்காரர்களை நாடு முழுவதும் தேடிப் பயிற்றும் ஏற்பாடு அதனிடம் இருந்தது. தென்கொரியாவோ தொலைவிலிருந்து குறி தவறாது எறியும் பயிற்சியில் தேர்ந்தது. பிலிப்பைன்ஸ் நின்ற இடத்திலேயே நின்றது என்று கூறுவதைக் காட்டிலும், மற்றவர்கள் ஓடத் தொடங்கினர் என்று கூறுவதே பொருந்தும்.

இரண்டாவது, தொழில்முறை ஆட்டத்தின் தோற்றம். 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கம் அங்கே தன் முதலாட்டங்களை நடத்தியது. கிரிஸ்பா, டொயோட்டா என்னும் இரு குழுக்களின் பகைமை நாட்டையே இரண்டாகப் பிரித்தது எனலாம். ஆனால் ஊதியம் பெற்று ஆடுவோர் நாட்டின் பெயரால் அனைத்துலகப் போட்டிகளில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. 1989இல்தான் அவ்விதி தளர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் உள்ளூர் அரங்கில் கைதட்டல் பெற்றுக்கொண்டிருக்க, நாட்டின் சட்டையை அணிந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களாகவே இருந்தனர்.

மூன்றாவது காரணம் நிருவாகப் பூசல். இதுவே மிகக் கொடியது, பின்னர் விளக்கப்படும்.

கோலாலம்பூரில் இரண்டு பக்கங்கள்

இவ்வரலாற்றின் இரு பக்கங்கள் நம் கோலாலம்பூரில் எழுதப்பட்டன என்பது மலேசிய வாசகர் அறியத்தக்கது.

1985ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் தொடங்கி 1986 புத்தாண்டின் முதல் வாரம் வரை நடந்த ஆசியக் கூடைப்பந்து வாகையர் போட்டியைக் கோலாலம்பூர் ஏற்று நடத்தியது. ரான் சேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்றுநர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய இளங்குழு அங்கே வாகை சூடி, ஸ்பெயினில் நடக்கவிருந்த 1986 உலகப் போட்டிக்குத் தகுதி பெற்றது. ஆனால் அடுத்த மாதமே மணிலாவில் மக்கள் எழுச்சி மூண்டது. பிப்ரவரியில் மார்க்கோசின் ஆட்சி வீழ்ந்தது. அந்தக் கொந்தளிப்பில் கூடைப்பந்துத் திட்டமும் கலைந்தது; குழு உலகப் போட்டிக்குச் செல்லவில்லை. அந்த உலகப் போட்டியில் ஆடிய ஆசிய நாடுகளுள் மலேசியாவும் ஒன்று என்பது நம்மவர் பலர் மறந்துவிட்ட செய்தி. 1985க்குப் பிறகு 2025 வரை பிலிப்பைன்சுக்கு ஆசிய வாகையர் பட்டம் மீண்டும் கிட்டவில்லை.

மற்றொரு பக்கம் 1989க்குரியது. அவ்வாண்டு கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் கூடைப்பந்துத் தங்கத்தை மலேசியா வென்றது. நமக்கு இனிய நினைவாக இருக்கும் அந்நாள், தென்கிழக்காசியாவில் தம்மை வெல்ல ஒருவருமில்லை என்றிருந்த பிலிப்பினோக்களுக்கு நெஞ்சில் தைத்த முள்ளாயிற்று. அதன்பின் 2022 மே மாதம் அனோயில் இந்தோனேசியாவிடம் 85-81 எனத் தோற்கும் வரை, அப்பதக்கத்தை அவர்கள் வேறெவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு நொடியும் ஈராண்டும்

தொழில்முறை ஆட்டக்காரர்க்கு வழி திறந்தபின், 1990இல் பெய்ச்சிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளியும், 1998இல் பாங்காக்கில் வெண்கலமும் கிடைத்தன. 2002இல் பூசானில் தென்கொரியாவுக்கு எதிரான அரையிறுதியில் பிலிப்பைன்ஸ் முன்னணியில் இருந்தது. கடைசி நொடியில் லீ சாங்-மின் என்ற கொரிய ஆட்டக்காரர் தொலைவிலிருந்து எறிந்த பந்து வளையத்துக்குள் புகுந்தது. 69-68. ஒரே புள்ளியில் இறுதியாட்டம் கைநழுவிற்று. ஒரு தலைமுறை முழுவதும் அந்த ஓர் எறிவைப் பற்றிப் பேசிப் பேசி மாய்ந்தது.

எதிரியின் திறமையால் நேர்ந்த தோல்வியை ஒரு மக்கள் பொறுத்துக்கொள்வர். தம்மவரின் பூசலால் நேர்ந்த இழிவைப் பொறுப்பது அரிது. நாட்டின் ஒலிம்பிக் மன்றத்துக்கும் கூடைப்பந்துச் சங்கத்துக்கும் இடையே எழுந்த அதிகாரப் போராட்டம் முற்றியதால், 2005இல் அனைத்துலகக் கூட்டமைப்பு பிலிப்பைன்சை இடைநீக்கம் செய்தது. அவ்வாண்டு இறுதியில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியை ஏற்று நடத்திய நாடு பிலிப்பைன்சே. விருந்தினர் அனைவரும் வந்திருந்தனர். வீட்டாரின் உயிரான கூடைப்பந்து மட்டும் அட்டவணையில் இல்லை. இதனினும் பெரிய அவலம் ஒரு விளையாட்டு நாட்டுக்கு நேர முடியுமோ?

2007இல் பழைய பூசலுக்கு முடிவு கட்டிப் புதிய தேசியக் கூட்டமைப்பு ஒன்று அமைந்தது, இடைநீக்கமும் விலகியது. அவ்வாண்டே தொக்குசிமாவில் நடந்த ஆசியப் போட்டியில் தொழில்முறை ஆட்டக்காரர்களைக் கொண்ட குழு ஒன்பதாம் இடத்தையே பெற்றது. ஒரு கூட்டம் நட்சத்திரங்களைச் சில வாரங்களில் ஒன்றுசேர்த்து அனுப்பினால் குழு ஆகிவிடாது என்ற பாடம் அங்கே கற்கப்பட்டது. பின்னர், நெடுநாட் பயிற்சியோடு நிலையான குழுவொன்றை வளர்க்கும் திட்டம் உருவாயிற்று. அதற்கு இடப்பட்ட பெயர் 'கிலாஸ்'. தகாலோக் மொழியில் அச்சொல் வீரமும் ஆற்றலும் இணைந்த ஒரு பண்பைக் குறிக்கும்.

2013: ஒரு மாலைப்பொழுது

பெருமிதம் மீண்ட நாள் எது என்று பிலிப்பினோக்களைக் கேட்டால், பலரும் 2013 ஆகஸ்டு 10ஆம் நாளைக் குறிப்பிடுவர். அவ்வாண்டு ஆசியப் போட்டி மணிலாவில் நடைபெற்றது. முதல் மூன்று இடங்களைப் பெறுவோர்க்கு உலகப் போட்டியில் இடமுண்டு. அரையிறுதியில் எதிரே நின்றதோ தென்கொரியா.

குடியுரிமை பெற்று ஆடிய நெடிய ஆட்டக்காரராகிய மார்க்கஸ் டௌதிட் ஆட்டத்தின் முற்பாதியிலேயே காயமுற்று வெளியேறினார். அரங்கத்தில் பூசானின் நினைவு நிழலாடியது. எஞ்சியவர்களோ தளரவில்லை. தம்மினும் உயர்ந்தோரின் நடுவே மார்க் பிங்கிரிஸ் பந்துக்காக மோதி நின்றார். அணியின் குள்ளர்களுள் ஒருவராகிய ஜிம்மி அலாப்பாக் கடைசி நிமிடங்களில் தொலைவிலிருந்து எறிந்த பந்துகள் வளையத்திற்குள் விழுந்தன. 86-79 என வெற்றி கிட்டியது. 1978க்குப் பிறகு உலகப் போட்டியில் ஆடாதிருந்த நாட்டுக்கு அங்கே செல்லும் உரிமையும் கிட்டியது. மறுநாள் இறுதியாட்டத்தில் ஈரானிடம் 85-71 எனத் தோற்றதை எவரும் பெரிதாக எண்ணவில்லை.

அந்நாட்களில் நாடெங்கும் ஒலித்த சொல் 'பூசோ'. இதயம் என்பது அதன் பொருள். உயரத்தால் வெல்ல இயலாதவர்கள் உள்ளத்தால் வெல்வோம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட சொல் அது. வள்ளுவர் ஊக்கமுடைமைக்கும் இடுக்கணழியாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்ததை அறிந்த தமிழ் மாணவர்க்கு இச்சொல்லின் ஆழம் எளிதில் விளங்கும்.

2014இல் ஸ்பெயினில் நடந்த உலகப் போட்டியில் குரோவேசியாவிடம் கூடுதல் நேரத்தில் 81-78, அர்செந்தினாவிடம் 85-81, புவேர்த்தோ ரிக்கோவிடம் 77-73. எல்லாம் மயிரிழையில் நேர்ந்த தோல்விகள். இறுதியாகச் செனகலைக் கூடுதல் நேரத்தில் 81-79 என வென்றனர். உலகப் போட்டியில் 40 ஆண்டுகளுக்குப் பின் கிட்டிய முதல் வெற்றி அது. ஐந்தில் ஒன்று வென்ற குழுவைத் தலைநிமிர்ந்து வரவேற்றார்கள். உலகின் முன்னணி நாடுகளோடு கடைசி நொடி வரை பொருத முடியும் என்று கண்டதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

பெருமிதம் வெறியானபோது

வரலாறு எழுதுவோர் இனியவற்றை மட்டும் கூறிச் சென்றால் அது புகழ்ச்சி ஆகுமேயன்றி வரலாறு ஆகாது. 2018ஆம் ஆண்டு சூலை 2ஆம் நாள், உலகப் போட்டிக்கான தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியாவோடு தாய்மண்ணில் ஆடியபோது, ஆட்டக்காரர்களிடையே கைகலப்பு மூண்டது. பக்கவாட்டில் இருந்தோரும் களத்தில் புகுந்தனர், நாற்காலியும் எறியப்பட்டது. இரு தரப்பிலுமாக 13 பேர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் ஒன்பதின்மர் பிலிப்பினோக்கள். ஆட்டத்தைத் தொடரப் போதிய ஆட்டக்காரர்கள் இன்றி, ஆஸ்திரேலியா 89-53 என முன்னணியில் இருந்த நிலையில் ஆட்டம் முடிக்கப்பட்டது. பின்னர்ப் பத்துப் பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர்கள்மீது தடை விதிக்கப்பட்டது.

நெஞ்சுரம் என்று போற்றப்பட்ட பண்பு நெறியை இழந்தால் எங்கே கொண்டு விடும் என்பதை அந்த இரவு காட்டிற்று. மறு ஆண்டு சீனாவில் நடந்த உலகப் போட்டியில் இத்தாலியிடம் 108-62, செர்பியாவிடம் 126-67 எனப் படுதோல்வியுற்று, 32 நாடுகளுள் 32ஆம் இடத்தைப் பெற்றுத் திரும்பியது குழு. ஆறு ஆண்டுகளுக்குள் உச்சியும் பள்ளமும் கண்டாயிற்று.

2023: ஏச்சும் வாழ்த்தும்

2023இல் உலகப் போட்டியைப் பிலிப்பைன்ஸ், சப்பான், இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளும் இணைந்து நடத்தின. ஆகஸ்டு 25ஆம் நாள் புலக்கான் மாநிலத்துப் பிலிப்பைன்ஸ் அரங்கில் டொமினிக்கன் குடியரசுக்கு எதிரான தொடக்க ஆட்டத்தைக் கண்டவர்கள் 38,115 பேர். உலகப் போட்டி வரலாற்றில் ஓர் ஆட்டத்துக்கு அத்துணைக் கூட்டம் அதற்குமுன் கூடியதில்லை. அன்று 87-81 எனத் தோல்வி. அடுத்து அங்கோலா, இத்தாலி, தென்சூடான் ஆகிய மூன்றிடமும் தோல்வி. 2013இல் தோளில் தூக்காத குறையாகப் போற்றிய அதே பயிற்றுநர் சொட் ரேயசை, அரங்கில் கூடியோர் கூச்சலிட்டு ஏசினர். செப்டம்பர் 2ஆம் நாள் கடைசி ஆட்டத்தில் சீனாவை 96-75 என வென்றனர். ஜோர்டன் கிளார்க்சன் 34 புள்ளிகள் எடுத்தார். வென்ற அன்றே ரேயசு பதவியிலிருந்து ஒதுங்குவதாக அறிவித்தார்.

ஹாங்சோ போட்டிக்குச் சில வாரங்களே இருந்தன. பொறுப்பை ஏற்றவர் டிம் கோன். 1998இல் பாங்காக்கில் வெண்கலம் வென்ற குழுவுக்குப் பயிற்சியளித்தவர் அவரே. அமெரிக்கரேயாயினும் வாழ்வின் பெரும்பகுதியைப் பிலிப்பைன்சில் கழித்தவர். முதற்சுற்றில் ஜோர்தானிடம் 87-62 எனத் தோல்வி. காலிறுதியில் ஈரானை 84-83 என ஒற்றைப் புள்ளியில் வென்றனர். அரையிறுதியில் எதிரே நின்றது போட்டியை நடத்திய சீனா. ஒரு கட்டத்தில் சீனா 20 புள்ளிகள் முன்னணியில் இருந்தது. சிறுகச் சிறுக அந்த இடைவெளி குறைந்தது. கடைசி நிமிடத்தில் ஜஸ்டின் பிரவுன்லீ இருமுறை தொலைவிலிருந்து எறிந்து மும்மூன்று புள்ளிகள் பெற்றார். 77-76. பூசானில் ஒரு புள்ளியில் இழந்ததை ஹாங்சோவில் ஒரு புள்ளியில் மீட்டனர் எனலாம். இறுதியாட்டத்தில், முன்பு தம்மை எளிதில் வென்ற ஜோர்தானையே வென்று தங்கம் பெற்றனர்.

மறு ஆண்டு சூலையில் ரீகாவில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் லாட்வியாவை அதன் சொந்த மண்ணிலேயே 89-80 என வென்றனர். 1960ஆம் ஆண்டுக்குப் பிறகு ஐரோப்பியக் குழு ஒன்றை அவர்கள் போட்டி ஆட்டத்தில் வென்றது அப்போதுதான். அரையிறுதியில் பிரேசிலிடம் தோற்றதால் பாரிசு ஒலிம்பிக் வாய்ப்புக் கிட்டவில்லை. ஒலிம்பிக்கிற்கான காத்திருப்பு இன்னும் முடியவில்லை.

யாருடைய வெற்றி?

இங்கே ஒரு வினா எழும். ஹாங்சோ வெற்றிக்குப் பெரிதும் காரணமான பிரவுன்லீ அமெரிக்காவில் பிறந்தவர். 2023 சனவரியில் தனிச் சட்டத்தின் வழியே பிலிப்பைன்ஸ் குடியுரிமை பெற்றவர். வாங்கிச் சேர்த்த வலிமையில் பெற்ற வெற்றி எவ்வாறு நாட்டின் பெருமை ஆகும் என்று கேட்போர் அந்நாட்டிலும் உண்டு. அப்போட்டிக்குப் பின் ஊக்கமருந்துச் சோதனையில் அவர் தவறியதும், மூன்று மாதத் தடை பெற்றதும் மறைக்கத்தக்கன அல்ல. குழுவின் பதக்கம் மட்டும் பறிக்கப்படவில்லை.

இதற்கு இரு விடைகள் கூறலாம். குடியேற்றத்தால் உரிமை பெற்றவர் ஒரு நாட்டின் குழுவில் ஆடுவதை அனைத்துலக விதி அனுமதிக்கிறது. ஜோர்தான் உள்ளிட்ட பல நாடுகளும் அவ்வாறே ஆடின. இது விதியின் விடை. மக்களின் விடை வேறு. பிரவுன்லீ 2016 முதல் அந்நாட்டு அரங்குகளிலே ஆடி, அம்மக்களின் அன்பைப் பெற்றபின்தான் நாட்டின் சட்டையை அணிந்தார். தாய்வழியில் பிலிப்பினோ மரபினராக இருந்தும் கிளார்க்சனை விதி வெளியிலிருந்து வந்தவராகவே கணக்கிட்டது. மக்களோ அவரைத் தம் பிள்ளையாகவே கொண்டாடினர். பிறப்பு ஒருவனை ஒரு நாட்டிற்கு உரியவனாக்கும் வழிகளுள் ஒன்று. உழைப்பும் உறவும் பிற வழிகள். கடல் கடந்து வந்து, பால்மரக் காட்டிலும் துறைமுகத்திலும் இருப்புப்பாதையிலும் உழைத்து, இந்நாட்டிற்கு உரியவர்களான மூதாதையரின் வழிவந்த நமக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பிலிப்பினோக்களுள் பலரும் இன்று கடல் கடந்து வாழ்பவர்களே. ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூர் லக்கி பிளாசாவிலும் கோலாலம்பூர்க் கோத்தாராயாவிலும் கூடும் பணிப்பெண்களையும் தொழிலாளர்களையும் நாம் காண்கிறோம். பிறர் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்து, தம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பும் அவர்கட்கு, தம் நாட்டின் பெயரை உலகம் உரக்கச் சொல்லும் நாட்கள் மிகச் சிலவே. கைப்பேசித் திரையில் கண்ட ஓர் ஆட்டத்தின் வெற்றி அவர்களுடைய ஊதியத்தை ஒரு காசும் உயர்த்தாது. ஆயினும் மறுநாள் வேலைக்குச் செல்லும்போது நிமிர்ந்து செல்லும் உரிமையை அது தரும். எளிய சுவைஞனின் பெருமிதம் என்று நாம் கூறுவது இதனைத்தான்.

நமக்குரிய பாடம்

மலேசியர்களாகிய நமக்கும் இத்தகைய பழம்பெருமை ஒன்று உண்டு. 1972இல் மூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய நம் காற்பந்துக் குழு, 1980இல் மாஸ்கோவுக்கும் தகுதி பெற்றது, புறக்கணிப்பால் செல்லவில்லை. மொக்தார் டஹாரி, சந்தோக் சிங், ஆறுமுகம் என்று வெவ்வேறு இனத்தாரின் பெயரும் ஒரே மூச்சில் ஒலித்த காலம் அது. அந்நாட்களைப் பற்றிப் பேசும்போது பெரியவர்களின் குரலில் பெருமையோடு ஏக்கமும் கலந்திருப்பதை நாம் கேட்டிருக்கிறோம்.

பிலிப்பைன்சின் வரலாறு அந்த ஏக்கத்திற்கு ஒரு விடை தருகிறது. பழம்பெருமை தானாக மீள்வதில்லை. பழங்கதை பேசுவதாலும் மீள்வதில்லை. 2005இல் நாற்காலிக்காக நிகழ்ந்த பூசல் ஒரு நாட்டையே ஆடுகளத்திலிருந்து வெளியேற்றியது. 2007இல் அப்பூசல் தீர்ந்து, பொறுமையாகக் குழு வளர்க்கப்பட்ட பின்னரே 2013 பிறந்தது. இடையே 2018இன் இழிவும் 2019இன் வீழ்ச்சியும் நேர்ந்தன. தவற்றைத் திருத்திக்கொண்டு மீண்டும் தொடங்கிய பின்னரே 2023 பிறந்தது. அந்த நீண்ட இடைவெளியில் வளையத்தைக் கழற்றி எறியாமல், தெருவோரத்தில் ஆடிக்கொண்டே இருந்த சிறுவர்கள்தாம் இவ்வரலாற்றின் முதல் வீரர்கள்.

நம் மாணவர்களுக்கு வெற்றியின் ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்விப்பது போதாது. 1962க்கும் 2023க்கும் இடைப்பட்ட 61 ஆண்டுகளில் என்ன நிகழ்ந்தது என்பதையும் அவர்கள் கற்க வேண்டும். வென்ற நாளில் உடன் நிற்பது எவர்க்கும் எளிது. தோற்ற ஆண்டுகளிலும் அன்பு குன்றாது, ஆனால் குறையைக் குறையென்று சொல்லும் நேர்மையும் குன்றாது, உடன் நிற்பவர்களாலேயே ஒரு நாட்டின் பெருமிதம் காக்கப்படுகிறது. அத்தகைய சுவைஞர்களை வளர்ப்பதில் பள்ளிக்கூடத்துக்கும் பங்குண்டு.